பாப்பாவைத் தூக்கலாம் என்ற தேதி

ஜூன் 9, திங்கள்
கடை உப்பு போடாத கஞ்சி. கடை உப்பில் அயோடின் இருக்கிறதாம். மீனும் பாலும் கூடாது. மார்ச்சில் கழுத்திலிருந்த தைராய்டை எடுத்துவிட்டார்கள். கேன்சர். மிச்சமிருக்கும் செல்கள் அயோடினுக்குப் பசித்துக் கிடந்தால்தான் கதிர்வீச்சு அயோடினை இழுத்துக்கொண்டு சாகும் என்றார் டாக்டர். தைராய்டுக்குப் பதிலாகப் போட்ட தினசரி மாத்திரையும் நிறுத்தியாயிற்று, அது இல்லாவிட்டால் உடம்பு குளிருமாம். செஞ்சி வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கிறது. நான் போர்வை தேடுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்
பாப்பாவை வல்லத்தில், என் வீட்டுக்காரர் தங்கராஜின் அக்கா ஷோபனா அண்ணி வீட்டில் விட்டோம். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. மருந்து விழுங்கியபின் என் உடம்பிலிருந்து கதிர் வரும், ஜூலை பாதிவரை தூக்கக்கூடாதாம். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. "நீ அழுவாத சுமா, நான் பாத்துக்கறேன்" என்றார். பாப்பா அழவில்லை. கன்றுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, புதுச்சேரி ஆஸ்பத்திரி
ஈயக் குடுவையைத் திறந்து வைத்துவிட்டு மருந்து கொண்டுவந்த ஆள் தள்ளிப்போய் நின்றார். அதற்குள் இருந்ததைத்தான் நான் விழுங்கினேன். சோற்றுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜூன் 27
உடம்பில் மிச்சமிருக்கும் கதிரைக் கருவியை நீட்டி அளந்தார்கள். வீட்டுக்குப் போகலாம். காரில் பின்சீட்டு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தேன். தனி அறை, தனித் தட்டு.

ஜூலை 3, வியாழன்
ஸ்கேன். நுரையீரலுக்குப் பரவியிருக்கும் கேன்சர் புள்ளிகள் மருந்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. மறுபடி கொடுத்தால் என்று தங்கராஜ் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எடுத்துக்காத எடத்துக்கு எத்தன தடவ குடுத்தாலும் பிரயோஜனமில்லம்மா." வேறு மாத்திரை உண்டாம். குணமாக்காதாம், கொஞ்சகாலம் தள்ளிப்போடுமாம்.
அப்போ இத்தன நாளு புள்ளைய உட்டுட்டுக் கெடந்தது இன்னாத்துக்கு? அண்ணிகிட்ட சொல்ல வேணாம்னுட்டேன்.

ஜூலை 9
வீடியோ கால். பாப்பா என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பி அண்ணியைத் தேடினாள்.

ஜூலை 20, ஞாயிறு
தூக்கலாம் என்று சொன்ன தேதி தாண்டிவிட்டது. வல்லம் போனோம். பாப்பா அண்ணியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு "அம்மா" என்றாள் — அண்ணியை. அண்ணிக்கு முகமே செத்துவிட்டது. அத்தை என்றுதான் சொல்லிக்கொடுத்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளைப் பிடித்து என் மடியில் வைத்தார். கனத்திருந்தாள். தலையில் நான் தடவாத ஏதோ எண்ணெயின் வாசனை. கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு நழுவி இறங்கிப் போய்விட்டாள்.
அண்ணி அவள் துணிகளைப் பையில் எடுத்துவைக்கத் தொடங்கினார்.
"இருக்கட்டும் அண்ணி. இங்கயே இருக்கட்டும் அவ."
தங்கராஜ் எழுந்து வெளியே போனார். அண்ணி என் முகத்தையே பார்த்தார். பையிலிருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.