காருக்கு ஒரு புது மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி கார் ஏர் ஃபில்டர்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறு பத்தி, பதினான்கு வரிசை. மகளுக்குக் கல்லூரி தேடியபோதுகூட மூன்று பத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

என்னுடையது டர்போ வண்டி. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊட்டுவது டர்போவின் வேலை. அது மூச்சு இழுக்கும் வழியை மாற்றினால் வண்டி இன்னும் சுறுசுறுப்பாகுமாம். இருக்கிற ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே நல்ல ஃபில்டராகப் போடலாம். இல்லையென்றால் முன் பம்பரிலிருந்து குளிர்ந்த காற்று வர தனிக் குழாய் வைத்த புதுப் பெட்டி. அதுவும் இல்லையென்றால், பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒன்றைத் திறந்த வாக்கில் மாட்டலாம்.

அட்டவணையெல்லாம் ஒப்புக்கு. எனக்குக் கூம்புதான் வேண்டும். அது இருந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வண்டி ‘ஸ்ஸ்ஸ்’ என்று பெருமூச்சு விடுமாம். நான் ஒன்று செய்தால் பதிலுக்கு ஏதாவது ஒரு சத்தம் வரட்டுமே. வீட்டில்தான் வருவதில்லை.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் தன் கடைக்கு ‘கார் டாக்டர்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களிடம் நாள் முழுக்க, “டாக்டர் இல்லைங்க, காது கேக்குதான்னு டெஸ்ட் பண்றவ” என்று திருத்துகிறேன். இவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

“கூம்பு வேணாம் மேடம். பானெட்டைத் திறந்து கை வெச்சுப் பாருங்க. இந்த வெக்கையைத்தான் அது இழுக்கும். டர்போவுக்குச் சுடு காத்து ஆகவே ஆகாது.”

“சத்தம்?”

“சத்தம் அருமையா வரும்.”

“அப்ப அதையே போடுங்க.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். பொருள் வர ஒன்பது நாளாகுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

இடமாற்றக் கடிதம் இன்னும் கைப்பையில்தான் கிடக்கிறது. மகள் படிக்கிற ஊரில் எங்கள் ஆஸ்பத்திரியின் கிளை. காதுப் பரிசோதனைப் பிரிவு முழுக்க என் பொறுப்பில். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் போன புதன்கிழமையே சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “பொண்ணு ஊர்ல வேலை குடுக்கறாங்க. நான் மட்டும் போகட்டுமா? என்ன சொல்றீங்க?”

“ம்” என்றார். தட்டை அலசிக் கவிழ்த்தார். அவ்வளவுதான். இருபத்தோரு வருடக் குடித்தனத்துக்கு ஒற்றை எழுத்தில் விடுதலைப் பத்திரம்.

மறுபடி கேட்டேனா? மானஸ்தி ஆயிற்றே. போய் அட்டவணையில் பதினைந்தாவது வரிசையைச் சேர்த்தேன்.

மார்ச் 12, புதன்

மைக்ரோவேவ் பீப் பீப் என்று கூப்பிட்டது. இவர் நான்கடி தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிறாரா பார்ப்போம் என்று வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். ஏழு பீப்.

“கூப்பிடுதே, எழுந்திருக்க மாட்டீங்களா?”

“எது?”

முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம். நடிப்புக்கே விருது கொடுக்கலாம்.

மார்ச் 13

மகள் போனில் சொன்னாள்: “அம்மா, காருக்கு இதெல்லாம் அப்பாங்க பண்ற கிறுக்குத்தனம். நீ ஏன் பண்ற?” அப்பா பண்ணாததால்.

மார்ச் 15, சனி

மாட்டியாயிற்று! தனியாக மேம்பாலத்தில் நாலு தரம் ஏறி இறங்கினேன். அழுத்தினால் அடித்தொண்டையில் உறுமல், காலை எடுத்தால் ‘ஸ்ஸ்ஸ்’. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் புடவையில், மூக்குக் கண்ணாடியோடு, தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்மணி. தன் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

மார்ச் 16, ஞாயிறு

இவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். போயிருக்கவே கூடாது.

“கேட்டீங்களா?”

“ம், நல்லா உறுமுதே.”

“உறுமல் இல்லைங்க. இப்பப் பாருங்க—” காலை எடுத்தேன். ஸ்ஸ்ஸ்.

“எது?”

மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை நான் கத்தியேவிட்டேன். “ரோட்டைப் பாத்து ஓட்டும்மா” என்றார், சாந்தமாக. அந்தச் சாந்தம்தான் தாங்க முடியவில்லை. எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், அதைக் கேட்ட மாதிரி பாவனை செய்யக்கூட மனசில்லையா இந்த மனுஷனுக்கு? நான் என்ன கேட்டேன், நகையா கேட்டேன்?

வந்ததும் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். சம்மதம். கையெழுத்தும் போட்டாயிற்று. நாளை அனுப்ப வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

அனுப்பவில்லை.

காலையில் ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார், மனைவியோடு. “நான் பேசறது மட்டும்தாங்க இவருக்குக் கேக்காது. லாரி வந்தா கேக்குது, நாய் குரைச்சா கேக்குது” என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டே, பதினெட்டு வருடமாய்ச் சொல்லும் பாடத்தை ஆரம்பித்தேன். “மெஷின் பக்கத்துலயே இருந்தவங்களுக்கு இப்படித்தாம்மா ஆகும். கனமான சத்தம் கேக்கும். மெலிசா, கீச்சுன்னு வர்றது கேக்காது. குழாய்ல தண்ணி ஓடும்போது நீங்க பேசினா—”

பாதியில் நின்றுவிட்டேன்.

உறுமல் கேட்டது. ஸ்ஸ்ஸ் கேட்கவில்லை. மைக்ரோவேவ். குழாய். அச்சகத்தில் இயந்திரத்தின் பக்கத்திலேயே இவருக்கு இருபத்திரண்டு வருடம்.

ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவள். வீட்டுக் காதுக்கு நான் எழுதி வைத்திருந்த நோயின் பெயர்: அலட்சியம்.

“அப்ப இவர் வேணும்னு பண்ணலையா?” என்று அந்த அம்மா கேட்டார். “இல்லைம்மா” என்றேன். எனக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

இவரைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன், கையில் பொத்தான் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கனமான ஒலிகளுக்கெல்லாம் டக்டக்கென்று அழுத்தினார். ஒலி மேலே ஏற ஏற, கட்டைவிரல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, பாஸா பெயிலா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைக் காட்டக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். நான் குனிந்துகொண்டேன். பேனா கீழே விழுந்ததாகப் பொய் சொன்னேன். பேனா கையில்தான் இருந்தது.

பிறகு வெளியே பெஞ்சில், முகத்துக்கு நேராக உட்கார்ந்து இடமாற்றத்தைச் சொன்னேன்.

“எப்பச் சொன்ன?”

“பாத்திரம் கழுவும்போது. ‘ம்’னீங்க.”

ஹெட்போன் பட்ட காதைத் தடவிக்கொண்டார். “எது சொன்னாலும் ‘ம்’னுடறது. திரும்பத் திரும்ப ‘என்ன, என்ன’ன்னா உனக்குக் கோவம் வருது.”

அப்புறம், “போகணும்னு ஆசையா உனக்கு?” என்று கேட்டார். பதினைந்து வரிசை அட்டவணை போட்டவள் நான். இந்தக் கேள்வியை எந்த வரிசையிலும் எழுதவில்லை.

மார்ச் 22, சனி

கார் டாக்டர் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்தார். வெளியே முப்பது டிகிரி, கூம்பு இழுக்கிற காற்று ஐம்பத்தெட்டு. “நான்தான் சொன்னேனே மேடம்.” பழைய பெட்டியையே மாட்டச் சொல்லி, உள்ளே நல்ல ஃபில்டராகப் போடச் சொன்னேன்.

“சத்தம் போயிடும், பரவால்லையா?”

“போகட்டும். கேக்க வேண்டிய ஆளுக்கு அது கேக்கலை.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைப் பூட்டிவிட்டு என்னை மறுபடி ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 31, திங்கள்

கையெழுத்துப் போட்டு வைத்ததைக் கிழித்துவிட்டு வேறு பதில் அனுப்பினேன். அனுப்பும் முன் இவருக்குப் படித்துக் காட்டினேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காதில் மெஷின் போட்டு மூன்றாம் நாள். அடுத்த மாதம் வந்து சரிபார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதே அறை, நான்தான் பார்ப்பேன்.

சாயங்காலம் காரில் போனோம்.

“என்னது, டிக் டிக்குன்னு?”

“இண்டிகேட்டருங்க.”

“இத்தனை நாளா இருக்கா இது?”

மேம்பாலத்தில் வழக்கம்போல் காலை எடுத்தேன். மூடிய பெட்டிக்குள்ளிருந்து எனக்கே அரைகுறையாகத்தான் வந்தது. இவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஸ்ஸ்ஸுங்குதே! டயர்ல காத்து போகுது, ஓரங்கட்டு, ஓரங்கட்டு!”

ஓரங்கட்டினேன். விஷயத்தைச் சொல்வதற்குள் இறங்கி, நாலு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இதற்காகத்தானே ஒரு மாதம் உயிரை விட்டேன்? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எனக்குள்ளே முனகினேன், வழக்கம்போல, “இவரைக் கட்டிக்கிட்டு...”

“காதுல விழுது” என்றார், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.