தேக்கு மேடையில் நல்லெண்ணெய்

நான் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையைக் கடைசிவரை மீறாமல் இருந்துவிட்ட என் அன்பான அத்தைக்கு,

பீர்க்கன்கரணை வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. உங்கள் பிள்ளை செந்தில் நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு அவர்மேல் இல்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்த விஷயத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் உங்கள் முதல் வருஷத் திதி. மேடவாக்கத்திலிருந்து உங்கள் மகள் கலா அண்ணி குடும்பத்தோடு வருகிறார். சமையல் வீட்டில்தான் என்று செந்தில் முன்பே சொல்லிவிட்டார். நீங்கள் நுழையாத சமையலறையில் உங்களுக்குப் படைக்கச் சமைக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும்.

இந்த ஃபிளாட்டில் எல்லா வீட்டிலும் சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டார்கள். நான் மட்டும் தேக்குப் பலகைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆறு வாடகை வீடுகளில் சமைத்தவள் நான். ஒன்றில்கூடச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரர்கள் விட்டதில்லை. எனக்கே எனக்கு என்று ஓர் இடம் வேண்டியிருந்தது. கார்பென்டர் பலகையை இழைத்துப் பொருத்திவிட்டு, "தண்ணி மட்டும் நிக்க வுடாதீங்கம்மா, மரம் பேஜார் பண்ணிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிழிந்த துணியால் துடைத்துவிட்டு உடனே காய்ந்த துணியால் ஒரு துடை. மஞ்சள் கறைக்கு உப்பும் எலுமிச்சைத் தோலும். மாதம் ஒரு தரம் ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவி, மறுநாள் மிச்சத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் எங்களோடு இருக்க வந்த முதல் வியாழக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? விடிந்தால் வெள்ளிக்கிழமை, அடுப்படியைக் கழுவாமல் உங்களால் சும்மா இருக்க முடியுமா? சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மேடைமேல் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, நாரால் தேய்த்து, அடுப்பைச் சுற்றி மாக்கோலமும் போட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றீர்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாலு வியாழக்கிழமை போனதும் சிங்க் ஓரம் கறுத்து, பலகை உப்பிக்கொண்டது. அப்புறம்தான் சொன்னேன், பொறுமையாகத்தான் சொன்னேன். அடுப்பு வைக்கிற இடத்தைக் கழுவாமல் எப்படி என்று உங்களுக்கு மனசே ஆறவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டீர்கள். அதற்கப்புறம் மேடையில் ஒரு சொட்டு விழுந்தால்கூடப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்துவிடுவீர்கள்.

எல்லாம் அதோடு நின்றிருக்கலாம். நான் மாதாமாதம் எண்ணெய் தடவுவதை நீங்கள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று சித்திரை மாத மதியம் ஒன்றில், வீட்டில் யாரும் இல்லாதபோது, மேடை முழுக்க நல்லெண்ணெய் ஊற்றித் தேய்த்து ஊறவிட்டீர்கள். ஆளிவிதை எண்ணெய் மரத்தில் காய்ந்துவிடும், நல்லெண்ணெய் காயாது என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே. அந்த வெயிலில் ஒரு வாரத்துக்குள் பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்து, எறும்பு வரிசை கட்டிவிட்டது. பிசுக்கு நான் தடவிய எண்ணெயின் மிச்சம் என்று நினைத்து, எங்கிருந்து வாடை வருகிறது என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் பெருங்களத்தூர் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்று நொந்துபோய் வந்து மேடைமேல் கையை ஊன்றினால், கை ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது. நீங்கள் ஆசையாகப் பக்கத்தில் வந்து, நான்தான் தடவினேன், நல்ல செக்கு எண்ணெய் என்றீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது உங்க கிச்சன் இல்ல அத்தை. இனிமே இங்க எதுலயும் கை வைக்காதீங்க."

"சரிம்மா" என்றீர்கள்.

மூன்று நாள் உட்கார்ந்து வெந்நீரில் சோப்பு போட்டுத் துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்துக் காயவைத்துப் பழையபடி ஆக்கிவிட்டேன். பலகை சரியாகிவிட்டது, என் கோபமும் போய்விட்டது. நீங்கள் மட்டும் சமையலறைக்குள் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஹாலில், சமையலறை நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் கேட்பீர்கள். உள்ளே வாங்க அத்தை என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டேனா? இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு வாரம் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கூப்பிட வெட்கமாகிவிட்டது. நாளைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்றே ஆறு மாதம் ஓடிவிட்டது.

ஏம்மா கிச்சன் பக்கமே வருவதில்லை என்று செந்தில் கேட்டபோது முட்டி வலி என்று சொன்னீர்கள். எனக்கும் கேட்கும்படிதான் சொன்னீர்கள். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? என்மேல் இருந்த பாசமா, வீட்டில் சண்டை வேண்டாம் என்றா, இல்லை அது உங்கள் ரோஷமா? ரோஷம் என்றால் எனக்குக் கொஞ்சம் தாங்கும். பாசம் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. ரோடை அடைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னாலேயே களைப்பு, மூச்சு வாங்குவது ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆறு மாசமா கிச்சன் பக்கமே போகல டாக்டர். முட்டி வலின்னாங்க, நம்பிட்டேன். நாந்தான் கவனிக்கல."

நான் உங்கள் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று தொடங்கியது அத்தை. அம்மா ஆறு மாதம் சொல்லாமல் சொன்னாள், எனக்குத்தான் புத்தி இல்லை என்று யார் துக்கம் விசாரித்தாலும் சொல்கிறார். பிரஷர் பார்க்கிற மெஷின் வாங்கி வைத்து வாரம் தவறாமல் எனக்குப் பார்க்கிறார். களைப்பாக இருக்கிறது, இன்றைக்கு ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்று விளையாட்டுக்குக்கூட நான் சொல்லக் கூடாது, முகம் வெளுத்துவிடும். சிரித்துப் பேசுகிற மனுஷன் இப்படி ஆனதைப் பார்த்துக்கொண்டே, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறேன். நான் சொன்ன வார்த்தையைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திதிக்காக மேடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சாமான் எல்லாவற்றையும் இறக்கி, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து முடித்திருந்தேன். செந்தில் காய்ந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். பலகையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அம்மாவுக்கு இத தொடைக்கறதுன்னா எவ்ளோ இஷ்டம். அதையே விட்டுட்டாங்கன்னா உள்ளுக்குள்ள எவ்ளோ முடியாம இருந்திருக்கும். நான் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன் நித்யா."

எண்ணெய் டப்பா என் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நல்லெண்ணெய், எறும்பு, நான் சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன பதில், ஆஸ்பத்திரியில் நான் வாய்மூடி நின்றது வரை எதையும் விடவில்லை. கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அம்மாவுக்கு அந்த ஆறு மாசம் முடியாம இல்லையா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருந்தாங்க. நாந்தான் உள்ள விடல."

துடைத்த இடத்தையே கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். கத்துவார் என்று ஒரு வருஷமாகப் பயந்தேன். கத்தவில்லை. போட்டதைச் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். கத்தியிருந்தால் தேவலை. அவர் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிட்டதா என்று முகத்தை முகத்தைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை, உங்களைக் கவனிக்காமல் விட்டேன் என்ற வேதனையைவிட, இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துகிறேன் என்பது பெரிய வேதனையோ என்னவோ.

நேற்று கலா அண்ணி போன் பண்ணினார். திதிச் சமையல் பற்றித்தான் பேச்சு. பேசி முடிக்கும்போது, நான் காதில் வாங்கவேண்டும் என்றே, என்னைப் பார்த்தபடி செந்தில் சொன்னார்: "கொஞ்சம் சீக்கிரமே வா. நித்யா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாலு நாளில் என் பேரை அவர் வாயால் கேட்டது அப்போதுதான்.

சொல்கிறேன் அத்தை. சத்தியமாகச் சொல்கிறேன். இலை போடுவதற்கு முன்னால், கலா அண்ணியை உட்காரவைத்து நானே சொல்வேன். டிராஃபிக்கையும் எறும்பையும் எனக்குச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். அவர் எழுந்து போனாலும் பின்னாலேயே போய் முழுவதையும் சொல்லி முடிப்பேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள், அதோடு எனக்கு எல்லாம் முடிந்துபோகும். இங்கே இருக்கிறவர்களிடம்தான் கேட்கப்போகிறேன். அவர்கள் கொடுக்க எத்தனை நாளானாலும், இதே வீட்டில், அவர்கள் கண்முன்னாலேயே இருப்பேன்.

உங்களைக் காலம் தாழ்த்தி உள்ளே கூப்பிடும் மருமகள்,
நித்யா