மிஷின் இருக்கிற ஊரிலிருந்து

மெட்ராஸ்
12-8-1977

அன்புள்ள வேலுத்தாய்,

உன் இருமல் நின்றதா? மழையில் கொழுந்து கிள்ளும்போது தலையை மூடிக்கொள். எனக்குத் தேவலை. வாட்ச்மேன் வேலைக்குத் தவறாமல் போகிறேன்.

செவ்வாயன்று என் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மிஷின், கரண்ட் போய் நின்றுவிட்டது. நர்சம்மா அரைமணி நேரம் மிஷினின் பிடியைக் கையாலேயே சுற்றினார். "பயமா இருக்காண்ணே?" என்றார். "ஆட்டுக்கல்லுல மாவாட்டுற மாதிரில்ல இருக்கு!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நம் பெண் ராமுத்தாயின் கல்யாணத்துக்கு வரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "மூணு நாள்கூட மிஷின் இல்லாம உன் உடம்பு தாங்காதுப்பா" என்றார். வண்டிப்பெரியார் வந்து திரும்பவே மூன்று நாள் ஆகுமே. உன் அண்ணனே தாரைவார்க்கட்டும். பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்.

மிஷினில் படுத்தால் குளிர்கிறது. என் கம்பளியை அனுப்பு. இத்தனை நாள் நீதானே போர்த்தியிருப்பாய்? துவைத்துவிடாதே.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

ராக்கப்பன்