கிழக்கே ஓடாத ஓடை

இன்று காலை நன்னிலம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் வைக்கோலும் கிழக்கே பார்த்துப் போவதைப் பாலத்தில் நின்று பார்த்தேன். சிரித்துவிட்டேன், டீச்சர். கண்ணும் கலங்கியது.

கொல்லிமலைக்கு நாம் போனது உங்கள் சிகிச்சைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில். யாரோ ஒளித்து வைத்த சிறு பெட்டியைச் செல்போன் வரைபடத்தை வைத்துத் தேடும் விளையாட்டு. ஜியோகேஷிங் என்று உங்கள் மகள் சொல்லிக்கொடுத்தாள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இந்தப் பெட்டிக்கு வழி சொன்னது துகள் இயற்பியல் புதிர். இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற உங்களுக்கு அந்தத் தாளில் பெயர் எழுதியே ஆக வேண்டும். அடுத்த மருந்து ஏற்றிய பிறகு மலையேற உடம்பு விடாது என்பது இருவருக்குமே தெரியும்.

புதிரில் வரிசையாகத் துகள்கள். ஒவ்வொன்றின் மின்னூட்டமும் இடத்தைக் காட்டும் ஓர் இலக்கம். உங்கள் பள்ளியிலேயே வரலாறு நடத்திய நான் எனக்குப் புரியும்படி மாற்றிக்கொண்டேன். மின்னூட்டத்தைத் தோசையாக்கி மூன்றாக வெட்டினால், குவார்க் என்னும் நுண்துகள்களில் மேல் குவார்க், தட்டில் இரண்டு துண்டு வைக்கும். கீழ் குவார்க் ஒரு துண்டை எடுத்துவிடும். மேல் இரண்டும் கீழ் ஒன்றும் சேர்ந்தால் முழுத் தோசை. அதுதான் புரோட்டான்.

"அப்ப நியூட்ரான்?" என்றீர்கள்.

"வெறும் தட்டு, டீச்சர்."

"எதை எடுத்தாலும் டிபன்லயே கொண்டாந்து விடுறீங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தீர்கள்.

ஓடையைத் தாண்டிக் கிழக்கே ஒரு பாறை, அதன் இடுக்கில் பெட்டி. இதுதான் கடைசிக் குறிப்பு. மரங்களுக்குள் செல்போன் வரைபடம் நின்றுவிட்டது. வானம் மூடிக் கிடந்தது.

"தண்ணி போற பக்கந்தானே கிழக்கு, வாங்க," என்று முன்னால் நடந்தீர்கள். எனக்கும் சந்தேகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து நம்மூர் ஆறும் வாய்க்காலும் கடலைப் பார்த்துக் கிழக்கே போவதைத்தானே கண்டிருக்கிறோம். வெகுதூரம் இறங்கிய பிறகு மேகம் விலகியது. சாயங்காலச் சூரியன் நமக்கு நேர் எதிரே.

"இந்த மலையில சூரியன் கிழக்கேயா இறங்குது?" என்றேன். நீங்கள் மூச்சு வாங்க ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஓடைக்குத் திரும்பி ஏறியதிலேயே உங்கள் பலம் தீர்ந்துவிட்டது. பாறை கண்ணுக்குத் தெரிந்தது. கரையில் உட்கார்ந்த உங்களால் எழுந்திருக்க முடியவில்லை.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"உங்க பேரையும் எழுதிடுறேன்."

"வேணாம். லேப்ல பசங்க எடுக்காத ரீடிங்கை எழுதுனா ரெக்கார்டு நோட்டையே திருப்பிக் கொடுத்தவ நான்."

என் பெயரை மட்டும் எழுதினேன். கீழே வந்து பெட்டியின் நிறம், இறுகிய மூடி, ஈரவாசனை அடித்த தாள், எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டீர்கள்.

"குவார்க்கைக்கூட யாரும் தனியாப் பாத்ததில்ல, ஆனா இருக்குன்னு தெரியும்," என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் உங்கள் மகள், "அம்மா மலையேறிப் பெட்டியைக் கண்டுபிடிச்சாங்க," என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லம்மா. ஓடைக்கரையிலயே உக்காந்துட்டாங்க. புதிரைப் போட்டு முடிச்சது அவங்க," என்றேன்.

அவள் முகம் வாடியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பேசுறாப்புலயே இருக்கு," என்றாள்.

உங்களைப் பற்றி யார் கேட்டாலும் இன்றும் நடந்த அளவுதான் சொல்கிறேன், டீச்சர். ஒரு சொல் கூட்டிச் சொல்ல ஆசை வரும். வாய்வரை வந்து நின்றுவிடும்.