மூன்று பாராசூட்

1943 நவம்பர் 4

குண்டு போட்டுத் திரும்பும் பையன்களை உட்கார வைத்து அதிகாரி கேள்வி கேட்கும் அறையில் இன்றும் டீ ஊற்றினேன். அதில் ரம் வேறு கலக்க வேண்டுமாம். வேதப்புத்தகம் தொடுகிற கை. "இந்தப் பனியில ஆண்டவருக்கு உங்க கை தெரியாது சித்தி" என்கிறான் விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக்காரன் யூவர்ட். அக்கா மகன் செட்ரிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இந்த விமானத் தளத்துக்கே நான் சித்தி.

நவம்பர் 19

செட்ரிக்கின் விமானம் வரவில்லை.

அதிகாரி யூவர்ட் குழுவிடம் கேட்டார்: "அது விழுந்ததைப் பார்த்தீங்களா? பாராசூட் எத்தனை?" யூவர்ட் என்னைப் பார்த்தான். ஜக்கோடு பக்கத்தில்தான் நின்றேன். "மூணு," என்றான்.

ஏழு பேரில் மூன்று. அதில் ஒருவன் நம் பிள்ளையாக இருக்கக்கூடாதா? சைக்கிளை எடுத்துக்கொண்டு முரியல் அக்காவிடம் ஓடினேன்.

நவம்பர் 28

அக்கா கைதி முகாமுக்கு அனுப்பக் காலுறை பின்னுகிறாள். நான்காவது ஜோடி.

டிசம்பர் 9

யூவர்ட் என்னிடம் டீ வாங்குவதே இல்லை. இன்று வாசலில் மறித்தேன். "என் டீயில விஷமாடா இருக்கு?"

"வானத்துலயே வெடிச்சிடுச்சு சித்தி. யாரும் குதிக்கல. உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்வேன்? அப்புறமா அதிகாரிகிட்ட தனியாப் போய்த் திருத்திட்டேன்."

திருத்திட்டானாம். அப்போ அதிகாரிக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பாவிப் பயலே, உன்னை யாருடா இரக்கப்படச் சொன்னது? குதிக்காத மூணு பேருக்கு மூணு வாரமா முழங்கால் தேய ஜெபம் பண்ணியிருக்கேனே — ஆண்டவரே, நீராவது சொல்லியிருக்கக் கூடாதா?

டிசம்பர் 10

அக்காவிடம் சொன்னேன். "அவன் பொய் சொன்னான், சரி. நீ எதுக்குடி அதைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்த?" கதவைச் சாத்திவிட்டாள்.

டிசம்பர் 12

ஜெபம் வரவில்லை. வேண்டாம்.

டிசம்பர் 21

இரண்டு விமானம் வரவில்லை. ஒன்றில் டாஃப்னிக்கு நிச்சயித்த பையன். அவள்தான் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து பதில்களை எழுதுகிறவள். வேறு ஆள் போடச் சொன்னேன். ஆள் இல்லையாம்.

"பாராசூட் எத்தனை?" என்றார் அதிகாரி. யூவர்ட் அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. எனக்கு அந்த முகம் தெரியும்.

ஜக்கைக் கீழே வைத்துவிட்டு டாஃப்னியின் பின்னால் போய் நின்றேன். இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தேன்.

"உள்ளதைச் சொல்லுடா. இவளை நான் பிடிச்சுக்கறேன்."

"ஒண்ணுகூட இல்ல," என்றான்.

அவளே எழுதினாள்.