பாத்ரூம் சுவரில் நாலு ஓட்டை

27-1-2025, திங்கள்

சம்மந்தியம்மா நேற்று வந்து போனதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு வடிக்கும்போது கஞ்சியோடு பாதிச் சோறும் சேர்ந்து போய்விட்டது.

அவர் என் பேத்தி சுபஸ்ரீயின் மாமியார்; வந்தது அவளுடைய வளைகாப்பு பற்றிப் பேச. பிப்ரவரி 23, ஞாயிறு என்று முடிவானது. அதுவரைக்கும் நல்லபடிதான். சாப்பிட்டு முடித்து, தோட்டத்துப் பக்கம் இருக்கிற பாத்ரூமுக்குப் போனவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். டைல்ஸ் வழுக்கிவிட்டிருக்கிறது. விழவில்லை, கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னாங்க சம்மந்தி இது? எனக்கே இந்தக் கதி. ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சிய எப்பிடிங்க இங்க அனுப்பறது? வளைகாப்பு ஜோரா நடக்கட்டும். அப்பால சுபஸ்ரீ எங்க வூட்லயே இருக்கட்டும்."

என் மகள் நிர்மலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஒரே அறையில் நாலு பேர். சுபஸ்ரீயை மூன்று வயதிலிருந்து வளர்த்தது நான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்றால் அவளுக்கு இந்தக் கச்சிராயபாளையம் வீடுதான். அதுக்கும் வராமல் போனால் நான் வளர்த்தது என்ன வளர்த்தது?

சாயந்திரம் அவளே போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசினாள். "ஆயா, நான் அங்கதான் வருவேன். நீ எதனா பண்ணு."

எதனா பண்ணுன்னா இன்னா பண்றது?

28-1, செவ்வாய்

யோசித்துவிட்டேன். தாழ்ப்பாளை மாட்ட வேண்டும். பாத்ரூமில் பிடித்துக்கொண்டு உட்கார, எழுந்திருக்க சுவரில் ஸ்டீல் கம்பி மாட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஸ்குரு, மொத்தம் நாலு ஓட்டை.

எல்லாம் அவள் வருவதற்குள் முடிய வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் வீட்டில் இருக்கும்போது ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் ஓட்டை போடக் கூடாது. அவள் வாசல்படி ஏறிவிட்டால் அப்புறம் பிரசவம் ஆகிற வரைக்கும் சுவரைத் தொட முடியாது.

பக்கத்து வீட்டில் கொழுந்தனார் ராஜாங்கம் ஒரு டிரில்லிங் மிஷின் வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். "வர்ற வாரம் பாக்கலாம் அண்ணி" என்றார். போன வருஷம் ஒரு பல்பு ஹோல்டருக்கு இதே பேச்சை நாலு மாதம் கேட்டவள் நான். மிஷினை மட்டும் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"அது ஆம்பள சாமான் அண்ணி. கையத் திருப்பிக்கினு போயிடும்."

சிரித்தார். அவர் பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்தாள்.

மேலும் அது ஒயர் வைத்த மிஷின். பாத்ரூமில் பிளக் கிடையாது, வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் எட்டாது, எட்டினாலும் ஈரத்தில் யார் நிற்பது? பேட்டரியில் ஓடுவது இருக்கிறதாம். டிவியில் பார்த்திருக்கிறேன். நானே வாங்குவேன்.

31-1, வெள்ளி

கள்ளக்குறிச்சி போய்வந்தேன். வழி முழுக்கக் கரும்பு டிராக்டர். பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹார்டுவேர்ஸ் கடை. கடைக்காரர் அரங்கநாதன், நாற்பது வயது இருக்கும்.

"யாருக்குங்க ஆயா? பையனுக்கா?"

"எனக்கு."

மூன்று மிஷின் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று கை அகலம், லேசாக இருந்தது. மற்ற இரண்டும் துப்பாக்கி மாதிரி, கனம். அவர் என்னவோ வோல்ட் என்றார், பிட்டு என்றார். கடையில் இரண்டு மேஸ்திரிகள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது அஞ்சாவது. படம் பார்த்தேன். சின்ன மிஷின் பெட்டியில் ஒரு பொம்பளை சுவரில் போட்டோ மாட்டிக்கொண்டு நின்றாள். சுவர் இருக்கிறது, பொம்பளை இருக்கிறாள், வேறு என்ன வேண்டும்?

"இது போதும்" என்றேன்.

"எந்த வேலைக்குன்னு சொன்னீங்கன்னா..."

"எனக்குத் தெரியும். பில்லு போடுங்க. பேரு ஆண்டாள்."

கம்பியும் அங்கேயே வாங்கினேன். பஸ்ஸில் மிஷின் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

1-2, சனி

தாழ்ப்பாளை மாட்டிவிட்டேன். ஒரு ஸ்குருவுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. மரத்தில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எத்தனை தரம் திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது.

2-2, ஞாயிறு

சுவரில் இறங்கவில்லை.

காலையிலிருந்து வைத்து அழுத்துகிறேன். முனை சுற்றுகிறது, சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்கிறது, அவ்வளவுதான். சிமெண்டு அப்படியே நிக்குது. தோள்பட்டை வலி. பேட்டரியும் போயிடுச்சு. ஒரு பொட்டு வச்ச மாதிரி ஒரு பள்ளம், அதான் மிச்சம்.

அந்தக் கடைக்காரன் எந்த வேலைக்குன்னு கேட்டானே. வாயத் திறந்து சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் எனக்கு? ரெண்டு மேஸ்திரி பாத்துக்கினு இருந்தானுங்கன்னு...

3-2, திங்கள்

இந்த நோட்டில் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். பொங்கலுக்கு மறுநாள் நானும் அதே இடத்தில் வழுக்கினேன். நான் விழுந்தேன். இடுப்பில் இன்னும் கருநீலம் இருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிர்மலா என்னைத் திருப்பூருக்கு இழுத்துக்கொண்டு போவாள். சம்மந்தியம்மா தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது எனக்கு வந்த கோபம் அந்தம்மாமேல் இல்லை.

4-2, செவ்வாய்

மலைப்பக்கம் மேகம் கட்டியிருக்கிறது, பெய்யவும் இல்லை, போகவும் இல்லை. இன்னும் பத்தொன்பது நாள்.

5-2, புதன்

மறுபடியும் அதே கடை. வழியெல்லாம் ஒரு பொய் தயார் செய்தேன், மிஷின் ரிப்பேர் என்று. கடைவாசலில் அது வாயில் வரவில்லை.

"பாத்ரூம் சுவருல கம்பி மாட்டணும். தப்பா வாங்கிட்டேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது முடுக்கறதுக்கு ஆயா. அது தோண்டறதுக்கு" என்று துப்பாக்கி மாதிரி இருந்ததை எடுத்தார். முன்பக்க வளையத்தில் மூன்று படம்: ஸ்குரு, பிட்டு என்கிற துளைக்கும் முனை, சுத்தியல். சிமெண்டு என்றால் சுத்தியல் படத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போது சுற்றிக்கொண்டே உள்ளே இடிக்கும். அதுக்கென்று தனி பிட்டு, முனை வேல் மாதிரி இருக்கும். இந்த மூன்று படத்துக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவையில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பார்.

கடைவாசலில் ஒரு செங்கல்லை வைத்து என்னையே ஓட்டை போடச் சொன்னார். முதலில் கை உதறியது. "இடது கைய அடியில குடுங்க. அழுத்தாதீங்க, அது போற பாதையில வுடுங்க." விட்டேன். போனது. செங்கல் தூள் என் புடவையெல்லாம்.

டீக்கடையிலிருந்து ஒருவன், "ஆயா, எங்க வூட்டுக்கும் வந்து ரெண்டு போட்டுட்டுப் போயேன்" என்றான். "கூலி ஜாஸ்தியாவும், உன்னால தாங்க முடியாது" என்றேன்.

அந்தப் பெரிய மிஷினை வாங்கிக்கொண்டேன். சின்ன மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வாராம், ஆனால் பில் வேண்டும். பில் வீட்டில்.

8-2, சனி

முதல் ஓட்டை. பிட்டு சுவரில் நழுவி நழுவி ஓடியது. ஒரு ஆணியை வைத்துத் தட்டி, சின்னக் குழி பண்ணி, அதில் வைத்தேன். நின்றது. எவ்வளவு ஆழம் என்று தெரிவதற்குப் பிட்டில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டேன், கடைக்காரர் சொன்னபடி. வீடே அதிர்ந்தது. ராஜாங்கம் மதில்மேல் தலையை நீட்டினார்.

"யாரு அண்ணி வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஓட்டையும் ஆனது. மூன்றாவது பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சார்ஜ் போட்ட பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது.

9-2, ஞாயிறு

கரண்ட் இல்லை. சார்ஜரை இருபது தரம் பார்த்திருப்பேன். பாதி ஓட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் சுபஸ்ரீ திடீரென்று வந்து நின்றால்? ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டால்? பாதி ஓட்டை பாதியாகவே நிற்கும். ஆட்டோ சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்தது கரண்ட்.

10-2, திங்கள்

முடிந்தது. நாலு ஓட்டையிலும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, கம்பியை வைத்து, ஸ்குரு முடுக்கினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மொத்தக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை.

11-2, செவ்வாய்

சுபஸ்ரீ போன். நான் கம்பி மாட்டியதை மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். "ஒரு கம்பி மாட்டிட்டா ஆச்சா? நம்ம வூட்ல எதுல கொறச்சல்?" என்றாராம்.

கொறச்சலாமே. நாளைக்கு நானே போறேன். போயி இன்னா பேசறதுன்னுதான் தெரியல.

12-2, புதன்

தியாகதுருகத்துக்கு, சம்மந்தி வீட்டுக்குப் போய்வந்தேன். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

வரும் வழியில் கடையில் கொடுத்துவிடலாம் என்று சின்ன மிஷினையும் பில்லையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நல்ல வீடு, மாடி வீடு, நான் குறை சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் கை கழுவப் போனேன். பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் ஒரே ஸ்குருவில் தொங்குகிறது. ஒரு சணல் கயிறு கட்டியிருக்கிறது.

"இன்னாங்க சம்மந்தி, கதவக் கயிறு போட்டுக் கட்டிக்கினு கீறீங்க?"

"ஐப்பசி மழையில கழண்டுச்சுங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல தட்டறது கிட்டறது வேணாம்னு அப்பிடியே வுட்டாச்சு."

"அப்ப சுபஸ்ரீ உள்ள போனா?"

"நான் வெளிய நின்னு கதவப் புடிச்சிக்குவேன்."

சுபஸ்ரீயைப் பார்த்தேன். "தினமும் ஆயா. ராத்திரி எழுந்தாக்கூட அத்தை வந்துடுவாங்க" என்றாள்.

சண்டைக்கு என்று தயார் செய்துகொண்டு போன வார்த்தையெல்லாம் எங்கே போனதோ. நாலு மாதமாக ஒரு பொம்பளை என் பேத்திக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் இந்தம்மாவை மனசுக்குள் என்னவெல்லாம் நினைத்தேன்.

"புது ஓட்டை போட்டாத்தானே ஆகாது? இருக்கிற ஓட்டையில முடுக்கினா இன்னாங்க?" என்றேன்.

சம்மந்தியம்மா சணல் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "முடுக்கறது வேற, அடிக்கறது வேறதான்" என்றார். இருந்தாலும் சுபஸ்ரீயை மாடிக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்கவிட்டார்.

பையிலிருந்து மிஷினை எடுத்தேன். ஸ்குருக்களை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். மூன்றையும் முடுக்கி, தொங்கியதையும் இறுக்கினேன். அந்தம்மா தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். நான் செய்த மாதிரியே, பலதரம்.

புறப்படும்போது சொன்னேன்: "உங்க வூட்ல எதுவும் கொறச்சல் இல்லீங்க. ஆனா கம்பி ஒண்ணு வேணும்னா உங்க வூட்ல இப்ப ஓட்டை போட முடியாது. எங்க வூட்ல போட்டு முடிச்சிட்டேன்."

அவர் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிஷினைக் கடையில் கொடுக்கவில்லை. சம்மந்தி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பில் மட்டும் பையில் இருக்கிறது.

17-2, திங்கள்

ஒரு போனும் இல்லை.

20-2, வியாழன்

சட்டம் பேசினது தப்போ? வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாமோ? பாத்ரூமை இரண்டு தரம் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த கையோடு கம்பியையும் ஆட்டிப் பார்த்தேன்.

24-2, திங்கள்

நேற்று தியாகதுருகத்தில் வளைகாப்பு. நிர்மலா திருப்பூரிலிருந்து விடியற்காலையில் வந்தாள். புளிசாதம், தக்காளிசாதம், எலுமிச்சை, எல்லாம் நான் கிண்டியது. முழங்கை வரைக்கும் வளையல். நான் கடைசியாக அடுக்கினேன், சுபஸ்ரீ என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். ஆரத்தி முடியும் வரைக்கும் சுபஸ்ரீயை அனுப்புவது பற்றிச் சம்மந்தியம்மா பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்றுவிட்டால்?

கார் வந்து நின்றது. சம்மந்தியம்மா உள்ளே போய் ஒரு பெரிய பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து டிக்கியில் வைத்தார். சுபஸ்ரீயின் துணி, மாத்திரை, தலையணைகூட. பையை முன்னாடியே கட்டி வைத்திருக்கிறார்.

"ராத்திரியில ரெண்டு தரம் எழுந்திருப்பா. நீங்க அசந்து தூங்கிடாதீங்க" என்றார்.

9-3, ஞாயிறு

சம்மந்தியம்மா மருமகளைப் பார்க்க வந்தார். முறுக்கு, வெண்ணெய், பலாச்சுளை. சாப்பிட்டு, தோட்டத்துப் பக்கம் போனார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நானும் சுபஸ்ரீயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கம்பி ஆடவே இல்லீங்க. மெய்யாவே நீங்களே மாட்டனதா?"

"நான்தான்."

"இவ புள்ளையப் பெத்துக்கினு வூடு திரும்பினதும் எங்க வூட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுத்துடுங்க. எனக்கும் முட்டி வலி."

"அவ புள்ளையோட வரும்போது நானும் வரேன்" என்றேன். மிஷின் பேட்டரியை சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன், இப்போதைக்கு வேலை இல்லை என்றாலும்.

அவர் போன பிறகு நான் பாத்ரூமுக்குப் போனேன். கம்பியில் ஈரம் இருந்தது. நானும் தினம் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். சுபஸ்ரீக்காக மாட்டியது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.