ஆற்றுக்கு அப்பால் அறுபத்து மூன்று பிள்ளைகள்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
14 யூன் 2009

அன்பு மகள் துவாரகாவுக்கு,

கனடா தேசத்துக் குளிர்பெட்டிகளின் ஏகச் சக்கரவர்த்தியும் மீன்கடை ஐஸ் மலைகளின் காவலனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. நானும் சித்தியும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். சுகம் என்று எழுதக் கை போகவில்லை, அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவும். நீ அந்த மலாவி நாட்டுக் கிளினிக் வேலையில் வேளைக்குச் சாப்பிட்டு, நுளம்பு வலைக்குள் படுத்து, காய்ச்சல் இல்லாமல் இருக்க நயினை அம்மனை மன்றாடுகிறேன்.

ஊரில் சண்டை முடிந்தது என்று சொல்லி நாலு கிழமை ஆகிறது. முகாம்களில் இருந்து வருகிற பெயர்ப்பட்டியல் ஒவ்வொன்றையும் சித்தி விரல் வைத்துப் பார்க்கிறாள். விநாயகமூர்த்தி என்ற பெயரில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒருவரும் உன் அப்பா இல்லை. நான் அழுதால் ஒன்ராறியோ வாவி மூன்றடி உயர்ந்து பாதி நகரம் மூழ்கிவிடும் என்று பயந்திருந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. வியாழக்கிழமை மிசிசாகாவில் ஒரு கடையின் குளிர்பெட்டிக்குக் கொம்பிறசர் மாற்றினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் மாற்றியது ஞாபகம் வந்தது.

போன ஞாயிறு நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லாமல் வைத்துவிட்டேன், கோபிக்காதே. அதைத்தான் எழுதி உங்கள் அலுவலகப் பக்ஸ் மெசினுக்கு அனுப்புகிறேன். உன் மேலதிகாரி எடுத்துப் பார்த்தாலும் கோழி கிண்டிய கடதாசி என்று உன்னிடமே தந்துவிடுவார்.

முதலில் குற்றம் யாருடையது என்று எழுதிவிடுகிறேன். மே பதினேழாம் திகதி நீ எடுத்தபோது நான் யூனிவர்சிட்டி அவென்யூவில் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கூடிய சனத்துக்கு நடுவில் நின்றேன். கிளினிக்கின் மண்ணெண்ணெய்ப் பிரிஜ் குளிராமல் நிற்கிறது, தடுப்பூசி பழுதாகப் போகிறது என்றாய், அதே மூச்சில் அப்பாவைப் பற்றியும் கேட்டாய். அந்தப் பிரிஜில் திரிச் சுடர் கூடினால் குளிரும் கூடும். நான் சொன்னது, "திரியை நல்லாக் கூட்டிவிடு பிள்ளை, குளிர் கூடிக் கெட்ட சாமான் உலகத்திலை இல்லை." இருபத்திரண்டு வருஷமாக ஸ்காபரோ மீன்கடைக்காரர் அத்தனை பேருக்கும் நான் ஓதுகிற வேதம் அது. அறக்குளா மீனுக்குச் சரி. உறைந்தால் இந்த ஊசிமருந்து செத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, சக்கரவர்த்தி அல்லவா. உனக்கு அதைப் படிப்பித்திருக்கிறார்கள், ஆனால் அன்று உனக்கும் தலை வேலை செய்யவில்லை, சித்தப்பா சொன்னதை அப்படியே செய்துவிட்டாய்.

இரவில் உறைந்தது காலையில் இளகி வெறும் மருந்து போலத்தான் இருந்திருக்கும். அதை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் அறுபத்து மூன்று பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்து, மிஞ்சிய குப்பியைக் குலுக்கிப் பார்த்தபோதுதான் மருந்தின் தூளெல்லாம் விரைவாக அடியில் இறங்க, உறைந்து கெட்டது என்று உனக்கு விளங்கியிருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளைகளின் அட்டையில் ஊசி இருக்கிறது, உடம்பில் குக்கல் இருமலுக்கும் ஏற்புவலிக்கும் காவல் இல்லை. மேலதிகாரி, மாவட்டக் கணக்கு நிரம்பிவிட்டது, கிளறாதே, செவ்வாய்க்கிழமை வருகிற புது மருந்து பட்டணத்துக் கிளினிக்குக்கு என்கிறார். நீயோ, போய் உண்மையைச் சொன்னால், பிள்ளையை முதுகில் கட்டி அரைநாள் நடந்து வந்த தாய்மார் இனி எந்த ஊசிக்கும் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறாய். சொல்லாமல் விட்டால் என்ன சித்தப்பா என்று கேட்டாய்.

பிக்கரிங்கில் இருக்கிற அகஸ்ரினை உனக்குத் தெரியும், உன் அப்பாவோடு படித்தவன். அவனுடைய தங்கை இப்போது முகாமில். இந்த நாலு கிழமையில் மூன்று தரம் வந்தான், தேத்தண்ணி குடித்தான், காலநிலையைப் பற்றிக் கதைத்தான், போனான். நீ ஞாயிறு எடுப்பதற்கு முந்தின வெள்ளி சித்தி வாசலில் மறித்து, "தெரிஞ்சதைச் சொல்லிப்போட்டுப் போங்கோ அண்ணை" என்றாள். அவன் நின்ற நிலையில் சொன்னான். மே பதினாலாம் திகதி தங்கை உன் அப்பாவைக் கண்டிருக்கிறாள், காலில் காயம், பங்கர்க் குழிக்குள் கிடந்திருக்கிறார், தண்ணீர் கொடுத்தாளாம். அடுத்த நாள் சனம் எழும்பி நடந்தபோது அவர் வரவில்லை. அதற்குமேல் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் தாங்கமாட்டோம் என்று அகஸ்ரின் மறைத்தானாம். போன ஞாயிறு நீ எடுத்தபோது நானும் அதே நினைப்பில் உனக்கு மறைத்தேன். உன் கேள்விக்கு நாக்கு எழும்பாதது அதனால்தான். இப்போது சொல்லிவிட்டேன் மகள். என்னை மன்னி.

அகஸ்ரினில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் மூன்று தரம் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த தன் கையைச் சித்தி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீ போய்ச் சொல். மருந்து கெட்டுப்போனது, போட்டது பலிக்காது, திரும்பப் போட வேண்டும் என்று அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல். ஏசினால் வாங்கிக்கொள். பாதிப் பேர் வராவிட்டால் மற்றப் பாதிக்குப் போடு, வராதவர்களிடம் அடுத்த மாதமும் போ. பட்டணத்துப் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு ஊசிநாள், ஆற்றுக்கு அப்பால் மாதத்துக்கு ஒன்று, ஆகவே செவ்வாய் மருந்தில் முதல் பங்கை அங்கே கேள். அறிக்கையில் என் பெயரை முழுசாக எழுது, கனடாவில் ஒரு மடையன் சொன்னான் என்றும் எழுது, எனக்கு வெட்கம் இல்லை.

அம்மன் உனக்குத் துணை நிற்பாள். உன் கைபட்ட பிள்ளைகள் எல்லாம் நூறு வயது இருந்து உன்னை வாழ்த்தட்டும். மறக்காமல் பாலத்தடியில் ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு இறங்கு. வருகிற புதன்கிழமை நான் வேலைக்குப் போகமாட்டேன். எந்த நேரம் என்றாலும் எடு. அப்பாவைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றால் கதை, அழ வேண்டும் என்றால் அழு, நான் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னில் பட்சம் மறவாத சித்தப்பா
இராஜரட்ணம்